எனக்குக் கேட்காத சத்தம்

என் மகளுக்கு ஏழு மாதம் ஆனபோது, அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்ற முடிவுக்கு நான் வந்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஏழு மாதக் குழந்தைக்குப் பிடித்தது, பிடிக்காதது என்றெல்லாம் இருக்குமா என்று சிரிப்பார்கள். ஆனால் சாயங்காலம் ஆனால் போதும், என் மடியில் கிடந்து முதுகை வில்லாக வளைத்து, முகம் சிவந்து, மூச்சு முட்ட அழுவாள். அப்படி ஒரு குழந்தையைத் தினமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். வேறு என்ன நினைப்பது?

ஆஸ்டின் டவுனில், கால்பந்து மைதானத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் எங்கள் வீடு. முன்னறை ஜன்னலைத் திறந்தால் கட்டடத்தின் கேட் தெரியும். கேட்டை ஒட்டி உட்கார வசதியாக ஒரு குட்டைச் சுவர். மைதானத்தில் விளையாடி முடித்த பிள்ளைகள் அந்தச் சுவரில்தான் வந்து உட்காருவார்கள். பதினாறு, பதினேழு வயது இருக்கும். பூட்ஸை லேஸால் முடிந்து கழுத்தில் தொங்கப் போட்டுக்கொண்டு, ஒரே சிப்ஸ் பாக்கெட்டில் ஐந்து கைகளை விட்டுக்கொண்டு, தமிழும் கன்னடமும் உருதும் கலந்து கத்திக்கொண்டிருப்பார்கள். சில சமயம் யாராவது பைக்கை நின்ற இடத்திலேயே உறுமவிடுவான். என் மனைவி கர்ப்பமாக இருந்த மாதங்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவர்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருப்பாள். மேல் மாடிக்காரர்களுக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. சுவரடியில் காலி பாக்கெட்டுகள் கிடந்தன. ஒருநாள் யாருடைய காரின் பக்கவாட்டுக் கண்ணாடியோ உடைந்திருந்தது. யார் உடைத்தார்கள் என்று தெரியவில்லை. அதனால் சுவரில் உட்கார்பவர்கள்தான் உடைத்தார்கள் என்று ஆனது.

பிறகு ஒருநாள் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில், கேட்டில் புதிய பாதுகாப்புக் கருவி பொருத்தியிருப்பதாகச் செயலாளர் செய்தி போட்டிருந்தார். கேமராவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் நடந்துகொண்டிருந்தது. பிரசவ விடுப்பு முடிந்து என் மனைவி மறுபடியும் வேலைக்குப் போகத் தொடங்கியது அந்த வாரம்தான்.

அவள் ஒரு மருத்துவமனை லேபில் டெக்னீஷியன். மதியம் கிளம்பினால் இரவு ஒன்பதரைக்குத்தான் வருவாள். நான் வீட்டிலிருந்தபடியே ஆஸ்திரேலியாவில் இருக்கும் வாடிக்கையாளர்களுக்குக் கணினி உதவி செய்கிற வேலையில் இருந்தேன். விடிவதற்கு முன்பே தொடங்கி மதியச் சாப்பாட்டுக்குள் என் வேலை முடிந்துவிடும். ஆகவே காலையில் அம்மா, மதியத்துக்கு மேல் அப்பா. ஆயா வேண்டாம், நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னது நான்தான். கல்யாணமாகி எட்டு வருஷம் காத்திருந்து பிறந்த குழந்தை. அவளோடு இருக்க எனக்கு அவ்வளவு ஆசை.

மூன்று, நான்கு மணி வரைக்கும் ஒரு தொந்தரவும் இருக்காது. என்னோடு விளையாடுவாள், தூங்குவாள், எழுந்து சிரிப்பாள். ஐந்து மணி தாண்டியதும் முகம் மாறிவிடும். முதலில் தலையை இப்படியும் அப்படியும் திருப்புவாள். பிறகு காதைப் பிடித்து இழுப்பாள். அப்புறம் அழுகை. தோளில் போட்டு நடப்பேன், பாடுவேன், ஃபேனைக் காட்டுவேன், கிலுகிலுப்பையை ஆட்டுவேன். சமையலறைக்குக் கொண்டுபோனால் கொஞ்சம் குறையும். குக்கர் சத்தம் பிடிக்கிறது போல என்று காலிக் குக்கரில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்து விசில் விடவைத்த தகப்பன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அலைகள் ஓய்வதுபோல ஒன்பது மணிக்கு மேல் அடங்கிவிடுவாள். மனைவி வந்து கதவைத் தட்டும்போது களைத்துப்போய் என் தோளில் கிடப்பாள். அம்மாவைப் பார்த்ததும் பொக்கை வாயைத் திறந்து சிரிப்பாள்.

"எவ்ளோ சமத்தா இருக்கா பாரு. இதுவா அழுவுதுன்னு சொன்னே?" என்பாள் மனைவி.

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். எனக்கு அது உள்ளே போய்க் குத்தியது.

குழந்தை மருத்துவரிடம் போனோம். காதைப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, பல் முளைக்கிற நேரம், சரியாகிவிடும் என்றார். லேபில் இருந்த தோழிகள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வசம்பு உரசிக் கொடுத்தோம். திருஷ்டி கழித்தோம். ஞாயிற்றுக்கிழமை மனைவிக்கு விடுமுறை. அன்று சாயங்காலம் மர்பி டவுனில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போவது எங்கள் வழக்கம். அங்கே குழந்தை எல்லார் மடியிலும் ஏறி இறங்கிக் குதூகலமாக இருப்பாள். என் மடியிலும்தான். ஆட்கள் சூழ இருந்தால் சந்தோஷமாக இருக்கிறாள், என்னோடு தனியாக இருந்தால் அழுகிறாள் என்று அதற்கும் ஒரு அர்த்தம் கற்பித்துக்கொண்டேன். ஒரு மனிதன் தனக்கு எதிராகச் சாட்சி சேர்க்க ஆரம்பித்தால் எதுவும் சாட்சியாகிவிடும்.

ஒருநாள் மழை விட்டிருந்த சாயங்காலம், அழுகை தாங்காமல் அவளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். கேட்டைத் தாண்டும்போது அழுகை உச்சத்துக்குப் போனது. முகத்தை என் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டாள். வேகமாக நடந்தேன். தெருமுனை பேக்கரிக்கு வருவதற்குள் அழுகை விக்கலாகி, விக்கல் நின்று, ஈரக் கண்ணோடு பன் தட்டுகளை வேடிக்கை பார்க்கத் தொடங்கியிருந்தாள். அங்கிருந்து மைதானத்துக்குப் போய் ஓரத்துப் படிகளில் உட்கார்ந்தேன். இருட்டும் வரை என் மகள் சிரித்துக்கொண்டே இருந்தாள். மறுநாளும் அதேபோல. அதற்கு அடுத்த நாளும்.

சுவரில் உட்காரும் பிள்ளைகள் இப்போது அந்தப் படிகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் சுவர் கொஞ்ச நாளாகக் காலியாக இருந்ததே, அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்களில் ஒரு பெண் இருந்தாள். கோல் கீப்பர். கையில் பெரிய உறை, முழங்காலில் பிளாஸ்திரி, ஒரு முடிகூட வெளியே வராமல் இழுத்துக் கட்டிய தலை. அவள்தான் இரண்டு படி இறங்கி வந்து கேட்டாள்.

"அங்கிள், நீங்க அந்த கேட் பக்கத்து வீடுதானே? டெய்லி பாப்பாவ இங்க தூக்கிட்டு வர்றீங்க?"

"வீட்ல இருந்தா அழுவுறாம்மா. இங்க வந்தா நிறுத்திடறா. காத்தோட்டம் வேணும் போல இருக்கு."

"காத்தோட்டம் இல்ல அங்கிள். அந்த மிஷின்."

"எந்த மிஷின்?"

அவள் திரும்பிக் கூட இருந்த இரண்டு பையன்களைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதா? உங்க கேட் தூண்ல சாம்பல் கலர்ல ஒரு பொட்டி இருக்குல்ல? கீன்னு கத்திட்டே இருக்கும். எங்கள ஓட்டறதுக்குத்தான் வெச்சிருக்காங்க."

"அது கேமரா இல்லையா?"

ஒரு பையன் சிரித்துவிட்டான். "கேமராவா? காதுக்குள்ள ஊசி விடற மாதிரி இருக்கும் அங்கிள். ரெண்டு நிமிஷம் நிக்க முடியாது. தலை வலிச்சிடும்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேப்பா. தினமும் அந்த வழியாத்தான் போறேன், வர்றேன்."

"உங்களுக்குக் கேக்காது. வயசானவங்களுக்குக் கேக்காது. அப்படித்தான் அத செய்யறாங்களாம்" என்றாள் அந்தப் பெண். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சாரி அங்கிள்."

எனக்கு அப்போது முப்பத்தொன்பது. வருத்தப்பட நேரமில்லை. அவள் அடுத்துச் சொன்னது அப்படி.

"எங்களுக்கே கேக்குதுன்னா பாப்பாவுக்கும் கேக்கும்ல? நாங்களாவது எழுந்து வந்துட்டோம். பாப்பாக்கு எழுந்து வரத் தெரியாதே."

படியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மடியில் குழந்தை என் சட்டைப் பொத்தானை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். கேட்டைத் தாண்டும்போது கழுத்துக்குள் புதைந்த முகம், இழுத்துப் பிடித்த காது, கேட்டிலிருந்து தள்ளி இருக்கிற சமையலறையில் குறைகிற அழுகை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. ஆனாலும் நம்ப முடியவில்லை. என் காதுக்கு எட்டாத ஒரு சத்தம் என் வீட்டுக்குள் இத்தனை நாள் இருந்திருக்கிறது என்பதை ஒருவன் எப்படிச் சட்டென்று நம்புவான்?

"என்கூட வந்து ஒரு தடவை காட்டறியா?" என்று கேட்டேன்.

அவள் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு உறைகளைக் கழற்றிப் பையனிடம் கொடுத்துவிட்டு, "வாங்க" என்றாள்.

கேட்டை நெருங்க நெருங்க அவள் நடை தயங்கியது. என் தோளில் குழந்தை சிணுங்கத் தொடங்கினாள். இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில், பெரிய மாமரத்துக்குப் பக்கத்தில், முகம் மாறியதை நான் பார்த்தேன்.

காவலாளி கோலார் பக்கத்துக்காரர். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். விஷயத்தைச் சொன்னதும், "ஸ்விட்ச் என் ரூம்லதான் இருக்கு சார். டைமர் போட்டிருக்காங்க, அஞ்சு மணிக்கு ஆன், ஒம்போதுக்கு ஆஃப். ஸ்வல்ப இருங்க, நானே போட்டு அணைச்சுப் பாக்கறேன்" என்று உள்ளே போனார். அந்தப் பெண் அறைக்கு முதுகு காட்டி நின்றாள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும், நின்றால் இறக்க வேண்டும். அவ்வளவுதான் பேச்சு.

அவள் கை மேலேயே இருந்தது. குழந்தை என் தோளில் கதறிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெருவின் ஆட்டோ சத்தமும் எங்கோ ஒரு குக்கர் விசிலும் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. திடீரென்று அவள் கை இறங்கியது. குழந்தை இன்னும் இரண்டு விம்மல் விம்மினாள். பிறகு தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தாள், யாரோ அறையை விட்டு வெளியே போனதுபோல. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணின் கை மறுபடியும் ஏறியது. அதே நொடியில் என் மகளின் உதடு பிதுங்கியது.

"போதும், அணைச்சிடுங்க!" என்று கத்தினேன்.

காவலாளி வெளியே வந்தார். குழந்தையைப் பார்த்தார். "நனகெ கொத்தே ஆகலில்ல சார், எனக்குத் தெரியவே இல்ல. தினமும் பாப்பா அழற சத்தம் கேட்டுட்டு இங்கதானே உக்காந்திருந்தேன்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவளுக்கு என்னைப் பிடிக்காமல் இல்லை என்ற ஒரே நினைப்புதான் உடம்பெல்லாம் ஓடியது. அத்தனை அழுகையிலும் அவள் என் கழுத்துக்குள்தானே முகத்தைப் புதைத்தாள்?

செயலாளர் மூன்றாம் மாடியில் இருந்தார். மாநில அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் அப்பாவும் அரசாங்க வேலைதான். தலைமுறை தலைமுறையாக இந்த ஊர்க்காரர்கள். யாரிடமும் அதிர்ந்து பேசாதவர், ஆனால் சொன்னதிலிருந்து இறங்கி வராதவர் என்றும் பெயர். அந்தப் பெண் படியேற மறுத்தாள். "என்னப் பாத்தா அந்த சார் கத்துவாரு அங்கிள்." நான்தான் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனேன்.

அவர் நான் சொன்னதை முழுவதும் கேட்டார். "விக்கிறவன் யாருக்கும் கெடுதல் இல்லைன்னுதான் சொன்னான். பெரியவங்களுக்குக் கேக்காதுன்னான், அதனால யாருக்கும் தொந்தரவு இல்லைன்னு நெனச்சேன்" என்றார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார். "இவ அப்படித்தான் சொல்லுவா. இவங்களுக்கு அந்தச் சுவர் திரும்ப வேணும்."

அவள் பயந்துபோய் நிற்பாள் என்று நினைத்தேன். "சுவர் வேணாம் சார். கிரவுண்ட்ல எவ்ளோ படி இருக்கு. நீங்க நிறுத்தினாலும் நாங்க வர மாட்டோம். பாப்பாவுக்காகத்தான் சொன்னேன்" என்றாள்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே வந்தார். காவலாளியை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, தானே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குழந்தையை இன்னொரு தடவை அந்தச் சத்தத்தில் நிறுத்த எனக்கு மனசில்லை. காவலாளி அவளைத் தூக்கிக்கொண்டு பேக்கரிப் பக்கம் நடந்தார். அந்தப் பெண் மட்டும் தூணுக்கு முதுகு காட்டி நின்றாள். செயலாளர் லேசில் விடவில்லை. சட்டென்று போட்டார், அணைத்தார், வெகுநேரம் போடாமலே ஏமாற்றினார். நான் அந்த அறையின் ஜன்னல் வழியே அவர் விரலையும் இவள் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட அவள் கை தப்பவில்லை.

கதவைத் திறந்துகொண்டு அவர் வெளியே வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. திரும்பி வந்த காவலாளி குழந்தையை என்னிடம் கொடுத்ததும், செயலாளர் அவரை ஸ்டூல் கொண்டுவரச் சொன்னார். அப்போதே, அந்த மங்கலான வெளிச்சத்திலேயே, தூணிலிருந்து பெட்டியைக் கழற்ற வைத்தார். ஸ்டூலை அவரே பிடித்துக்கொண்டார். பிறகு என்னிடம் வந்து, என் தோளில் இருந்த குழந்தையின் பாதத்தை ஒரு விரலால் தொட்டு, "சாரி புட்டி, சாரி குட்டிம்மா" என்றார். அந்தப் பெண்ணைப் பார்த்து, "உன்கிட்டயும்தான்" என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டு மைதானத்தைப் பார்த்து ஓடிவிட்டாள்.

அன்று இரவு வாட்ஸ்அப் குழுவில் இரண்டு மூன்று பேர் முணுமுணுத்தார்கள். காசு கொடுத்து வாங்கியதை யாரைக் கேட்டு எடுத்தீர்கள் என்றார்கள். "கைக்குழந்தைக்குக் கெடுதல் என்று கண்ணால் பார்த்தேன். எடுத்துவிட்டேன்" என்று செயலாளர் இரண்டே வரி எழுதினார்.

மனைவிக்குப் போன் செய்து சொன்னேன். "அய்யோ, அவளால சொல்லக்கூட முடியலையே" என்று அழுதாள். அழுது முடித்துவிட்டு, "இப்ப என்ன பண்றா?" என்று கேட்டாள்.

குழந்தை அப்போது முன்னறையில், என் முன்னால் உட்கார்ந்து, ராகிக் கஞ்சியைப் பாதி வாயிலும் பாதி என் கையிலும் வாங்கிக்கொண்டிருந்தாள். கிண்ணம் காலியானதும் என் மூக்கைப் பிடித்துத் திருகிவிட்டுத் தானே கெக்கலித்தாள். பிறகு என் நெஞ்சின் மேலேயே தூங்கிப்போனாள். மனைவி வரும்வரை நான் அசையவில்லை. கதவைத் திறக்கவும் எழவில்லை. பக்கத்து ஜன்னல் வழியாகச் சாவியை நீட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மர்பி டவுனுக்குப் போகவில்லை. மனைவி மைதானத்துக்குப் போக வேண்டும் என்றாள். அந்தப் பிள்ளைகளுக்குச் சமைத்து எடுத்துப் போகலாம் என்று முதலில் நினைத்தாள். அப்புறம் அவளே மனசை மாற்றிக்கொண்டாள்: "அந்த வயசுப் பசங்களுக்கு நம்ம புளியோதரை எதுக்கு?" பேக்கரியில் ஒரு பெரிய பை நிறைய காரா பன்னும் முட்டை பஃப்ஸும் வாங்கினோம். ஆட்டம் முடிந்து வந்தவர்கள் பையைப் பார்த்ததும் நன்றி சொல்லக்கூட மறந்து கை வைத்தார்கள். மனைவி அந்தக் கோல் கீப்பர் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் கூச்சத்தில் நெளிந்து, "விடுங்க ஆன்ட்டி, சட்டையெல்லாம் மண்ணு" என்றாள்.

திரும்பி நடந்து வரும்போது மனைவி கேட்டாள். "அந்தச் சத்தத்துல நிக்க முடியாமத்தானே அவங்க ஓடிப்போனாங்க? நீ கூப்பிட்டேன்னு திரும்ப வந்து, ரெண்டு தடவை அங்கயே நின்னு காமிச்சிருக்கா. அந்தப் பொண்ணுக்கு எவ்ளோ வலிச்சிருக்கும்!"

எனக்கு அது தோன்றியிருக்கவே இல்லை. அவள் கை ஏறுவதையும் இறங்குவதையும்தான் பார்த்தேன். ஏறியிருந்த ஒவ்வொரு முறையும் அவள் காதில் ஊசி இருந்தது. யாரோ ஒருவருடைய குழந்தைக்காக, தன்னை விரட்டிய கேட்டின் முன்னால், அவள் அதைப் பொறுத்துக்கொண்டு நின்றாள்.

வர மாட்டோம் என்று அவள் சொன்னாலும், மெல்ல மெல்ல அவர்கள் சுவருக்குத் திரும்பி வந்தார்கள். செயலாளர் சுவரடியில் ஒரு குப்பைத் தொட்டி வைத்தார். பாதி பாக்கெட்டுகள் அதற்குள் விழுந்தன. பைக் சத்தத்துக்காக அவர் மாடியிலிருந்து சத்தம் போடுவதும், அவர்கள் "சாரி சார்" என்பதும், பத்து நாள் கழித்து மறுபடியும் உறுமுவதும் நடந்துகொண்டுதான் இருந்தது. ஜன்னலில் என் மகளைக் கண்டால் ஐந்தாறு பேரும் ஒரே குரலில் கூப்பிடுவார்கள். அவள் முதன்முதலாகக் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றது அவர்களைப் பார்ப்பதற்காகத்தான்.

அந்தப் பெண்ணுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் மைசூரில் கல்லூரி கிடைத்தது. கிளம்புவதற்கு முன் அவள் அம்மாவோடு வந்து சொல்லிவிட்டுப் போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக வேலை, படிப்பு என்று கலைந்துவிட்டார்கள். சுவரில் இப்போது உட்காருவது வேறு பிள்ளைகள். எனக்கு அவர்களைத் தெரியாது. என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவர்கள் காலை மடக்கி வழிவிடுகிறார்கள். அவள் ஒவ்வொருவரிடமும் நின்று இன்று என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருகிறாள். நான் அவசரப்படுத்துவதில்லை. அவள் பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டருகே காத்திருக்கிறேன்.